கலோரி எண்ணும் சிறு பீர் ஆலைகளும்

அமெரிக்கக் கடையில் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கினால், அதில் எத்தனை கலோரி, எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு கொழுப்பு என்பதெல்லாம் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும். 1994 முதல் இது சட்டப்படி கட்டாயம். அதே கடையில் இரண்டு அலமாரி தள்ளி இருக்கும் பீர் கேன்களை, குறிப்பாகச் சிறு ஆலைகளிலிருந்து வரும் கேன்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் அந்த எண் இருக்காது. குடிப்பவருக்கு அந்த எண்ணை அறியும் உரிமை இருக்கிறது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி நிரூபிப்பது என்பதைச் சட்டம் பெரிய ஆலைகளை மட்டும் மனத்தில் வைத்துத் தீர்மானித்தால், ஒரு தெருமுனையில் ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு பீர் காய்ச்சும் ஆலைகள்தான் அதன் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். அந்தச் சுமை தேவையற்றது என்பதும், பீரின் வேதியியலே அதைத் தவிர்க்கும் வழியைத் தருகிறது என்பதும்தான் இந்தப் பதிவில் நான் சொல்ல விரும்புவது.

நான் மிஷிகன் மாநிலத்தில் வசிக்கிறேன். கலாமசூவின் பெல்ஸ், கிராண்ட் ராபிட்ஸின் ஃபவுண்டர்ஸ் போன்ற பெயர்பெற்ற ஆலைகள் தோன்றிய மாநிலம் இது. அவற்றைப் பார்த்து வளர்ந்த சிறு ஆலைகள் இன்று ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. வீட்டில் நானும் பீர் காய்ச்சுகிறேன். 1978-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் இது அனுமதிக்கப்பட்டது. இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். எங்கள் குடும்பத்தில் சர்க்கரை நோய் தலைமுறை தலைமுறையாக வருகிறது. தமிழ்க் குடும்பங்களில் இது புதிய செய்தி அல்ல. ஆகவே குடிப்பவரின் பக்கமும் காய்ச்சுபவரின் பக்கமும் எனக்கு வெளியாருடைய பக்கங்கள் அல்ல.

முதலில் உணவகங்களுக்கான விதியைப் பார்ப்போம். 2010 மார்ச்சில் நிறைவேறிய ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 4205-ஆம் பிரிவு, ஒரே பெயரில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளை நடத்தும் உணவகங்கள் தங்கள் மெனுவில் ஒவ்வொரு உணவுக்கும் எதிரே கலோரி அளவை எழுத வேண்டும் என்றது. உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2011-ல் வெளியிட்ட வரைவில் மதுபானங்களுக்கு விலக்கு இருந்தது. 2014 டிசம்பர் 1 அன்று வந்த இறுதி விதியிலோ அந்த விலக்கு நீக்கப்பட்டு, மெனுவில் பெயர் குறித்து விற்கப்படும் பீர், ஒயின், காக்டெயில் அனைத்தும் உள்ளே கொண்டுவரப்பட்டன. பின்னர் விதி மூன்று முறை தள்ளிவைக்கப்பட்டு, கடைசியில் 2018 மே 7 அன்று நடைமுறைக்கு வந்தது.

இந்த விதியைப் படிக்கும் ஒருவர், ஒரே ஒரு டேப்ரூம் (ஆலையிலேயே பீர் ஊற்றித் தரும் கூடம்) வைத்திருக்கும் சிறு ஆலைக்கு இதனால் என்ன பாதிப்பு என்று கேட்கலாம். எழுத்தளவில் அவர்களுக்கு எந்தக் கடமையும் இல்லை என்பது உண்மைதான். தங்கள் சொந்த இடத்தில், தங்கள் சொந்தக் கரும்பலகையில் அவர்கள் எந்த எண்ணையும் எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒரு சிறு ஆலை டேப்ரூம் விற்பனையைத் தாண்டி வளர வேண்டுமானால், தன் பீரை வெளியே கொண்டுபோய் விற்க வேண்டும். அப்படி வெளியே இருக்கும் இடங்களில் முக்கியமானவை, இருபது, ஐம்பது, இருநூறு கிளைகள் கொண்ட சங்கிலி உணவகங்கள்தான். அந்த உணவகத்தின் உள்ளூர் மேலாளர் தன் ஊர் ஆலையின் பீருக்கு ஒரு குழாயை ஒதுக்க விரும்பினாலும், தலைமை அலுவலகம் முதலில் கேட்பது இதுதான்: இதற்கு கலோரி எண் இருக்கிறதா, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதற்கு ஆவணம் இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால், எண்ணை ஏற்கெனவே அச்சிட்டுக் கையில் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தின் பீரை அந்தக் குழாயில் மாட்டிவிடுவது அவர்களுக்கு எளிது. இருபது கிளைகளுக்குக் கீழே இருப்பவர்களைக் காக்க நினைத்த ஒரு விதி, இப்படி வணிக உறவின் வழியாக, ஒரே கிளை மட்டும் உள்ளவரிடம் வந்து சேர்கிறது.

விதியை எழுதியவர்கள் இரக்கமற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. அதில் சில நல்ல வாசல்கள் இருக்கின்றன. ஓர் ஆண்டில் 60 நாட்களுக்குக் குறைவாக மட்டுமே மெனுவில் இடம்பெறும் உணவுக்கோ பானத்துக்கோ கலோரி எழுத வேண்டியதில்லை; இலையுதிர்காலப் பூசணி ஏல், கோடைகால கோதுமை பீர் போன்ற பருவகால பீர்களுக்கு இது பெரிய உதவி. எண்ணைக் கண்டறிய ஆய்வகப் பரிசோதனை ஒன்றுதான் வழி என்றும் விதி சொல்லவில்லை. ஊட்டச்சத்துத் தரவுத்தளங்கள், சமையல் குறிப்புகளிலிருந்து செய்த கணக்கு, ஆய்வக முடிவு என எதுவாக இருந்தாலும், நியாயமான அடிப்படை இருந்தால் போதும். சிறு ஆலைகளின் சங்கமான புரூவர்ஸ் அசோசியேஷன், அமெரிக்க வேளாண்துறையின் ஊட்டச்சத்துத் தரவுத்தளத்தில் பீர் வகைகளுக்கான சராசரி மதிப்புகளைச் சேர்ப்பதற்காக அத்துறையுடன் சேர்ந்து உழைத்ததும் இந்த வாசலைப் பயன்படுத்தித்தான். என் கருத்தில், சங்கம் செய்த மிகப் பயனுள்ள வேலைகளில் அதுவும் ஒன்று. ஒரு பேல் ஏல் காய்ச்சுபவர் அந்தச் சராசரியை எடுத்துக் காட்டினால், சட்டத்தின் கேள்விக்குப் பதில் சொன்னவராகிவிடுகிறார்.

ஆனால் சட்டம் ஏற்றுக்கொள்வதையெல்லாம் சங்கிலி உணவகத்தின் வழக்கறிஞர் ஏற்றுக்கொள்வார் என்று இல்லை. எண் தவறென்று யாராவது வழக்குப் போட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தில், சராசரி மதிப்பை ஏற்காமல் ஆய்வகச் சான்றிதழையே அவர் கேட்கக்கூடும். விதியின் வாசகத்துக்கும் வணிகத்தின் பயத்துக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியில்தான் சிறு ஆலைகள் சிக்கிக்கொள்கின்றன.

இங்கேதான் பீரின் வேதியியலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்த விவாதத்தில் பேசுபவர்களில் பலர் அதைத் தொடுவதே இல்லை. மால்ட் செய்த, அதாவது முளைக்கவைத்து உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் இனிப்பு நீரை வோர்ட் என்கிறோம். அதில் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்பதை ஹைட்ரோமீட்டரால் அளக்கலாம். தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால், சாதாரண வோர்ட்டின் அடர்த்தி 1.050 அளவில் இருக்கும். இது தொடக்க கிராவிட்டி. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையின் பெரும்பகுதியைத் தின்று ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றிய பிறகு அடர்த்தி 1.010 போன்ற ஓர் எண்ணுக்கு இறங்கி நிற்கும். அது இறுதி கிராவிட்டி. உலகத்தில் பீர் காய்ச்சும் எந்த ஆலையும், வீட்டில் வாளியில் காய்ச்சுபவர் உட்பட, இந்த இரண்டு எண்களையும் தன் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறது. இவை இல்லாமல் நொதித்தல் முடிந்துவிட்டதா என்பதே தெரியாது.

பீரிலுள்ள கலோரி பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது: ஈஸ்ட் உண்டாக்கிய ஆல்கஹால், ஈஸ்ட் தின்னாமல் விட்டுவைத்த மாவுச்சத்து. ஆல்கஹால் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 7 கலோரியும், மாவுச்சத்து ஏறக்குறைய 4 கலோரியும் தருகின்றன. இரண்டின் அளவையும் மேலே சொன்ன இரண்டு கிராவிட்டிகளிலிருந்து கணக்கிட்டுவிடலாம். பாலிங் என்ற விஞ்ஞானி 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த சூத்திரங்களின் வழிவந்த கணக்கு இது, இன்றும் பீர் ஆலைகளில் புழக்கத்தில் இருக்கிறது. 1.050-ல் தொடங்கி 1.010-ல் முடிந்த பீருக்கு இந்தக் கணக்கைப் போட்டால், 12 அவுன்ஸ் கேன் ஒன்றில், அதாவது 355 மில்லிலிட்டரில், சுமார் 164 கலோரி வரும். அதில் நூற்றுக்கும் மேல் ஆல்கஹாலிலிருந்தே வருகிறது. ஆல்கஹாலின் அளவு சுமார் 5.3 சதவீதம்.

இப்போது அதே வோர்ட், இன்னொரு முறை காய்ச்சும்போது, ஈஸ்ட் சற்றுச் சோம்பலாக வேலை செய்ததால் 1.014-லேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிறு ஆலைகளில் இது இயல்பாக நடப்பது. ஆல்கஹால் 5.3 சதவீதத்திலிருந்து 4.8 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆல்கஹால் அளவைப் பொறுத்தவரை லேபிளில் எழுதியதற்கும் உண்மைக்கும் 0.3 புள்ளிக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்பது கூட்டாட்சி அரசின் விதி. ஆகவே இந்தப் பீரின் லேபிள் தவறாகிவிடும். ஆனால் கலோரி? கணக்குப் போட்டால் சுமார் 166 வருகிறது. வித்தியாசம் இரண்டே இரண்டு கலோரி. காரணம் எளிது: ஈஸ்ட் தின்ற சர்க்கரை ஆல்கஹாலாக மாறி அங்கேயே இருக்கிறது, தின்னாத சர்க்கரை சர்க்கரையாகவே இருக்கிறது, எப்படியானாலும் தொடக்கத்தில் இருந்த ஆற்றலின் பெரும்பகுதி கேனை விட்டு வெளியே போவதில்லை. ஒரு பீரின் கலோரியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தொடக்க கிராவிட்டி ஒன்றுதான். அதையோ அந்த ஆலை முதல் நாளிலேயே அளந்துவிட்டது.

‘ஒவ்வொரு காய்ச்சலும் வேறுபடுகிறது, எப்படி ஒரே எண்ணை எழுதுவது?’ என்பது சிறு ஆலைக்காரர்கள் அடிக்கடி எழுப்பும் எதிர்ப்பு. அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இந்த எதிர்ப்பு வலுவானதல்ல என்றே சொல்வேன். சுவை வேறுபடலாம், மணம் வேறுபடலாம், ஆல்கஹால்கூட வேறுபடலாம். வழக்கமான முறையில் மால்ட்டும், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களும் கொண்டு காய்ச்சிய பீரின் கலோரி அவ்வளவாக வேறுபடுவதில்லை. அதே காரணத்தால், ஒவ்வொரு காய்ச்சலையும் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லும் அதிகாரிகளின் கோரிக்கைக்கும் வலுவான அடிப்படை இல்லை.

கணக்கு உண்மையிலேயே கடினமாகும் இடங்களும் உண்டு. நொதித்தல் பாதியில் மாம்பழக் கூழையோ ராஸ்பெரியையோ கொட்டினால், தொடக்க கிராவிட்டி என்ற எண் அதன் பொருளை இழந்துவிடுகிறது; பழத்திலிருந்து வந்த சர்க்கரையையும் நீரையும் தனியாகச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். போர்பன் விஸ்கி இருந்த மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் கிடக்கும் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர், மரத்தில் ஊறிக்கிடந்த போர்பனையும் இழுத்துக்கொள்கிறது. நொதிக்காத நிலையில் பழக்கூழைக் கேனிலேயே சேர்த்து விற்கும் புளிப்பு பீர்களில், எண் எவ்வளவு வேண்டுமானாலும் உயரலாம். இவற்றுக்கு ஆய்வகப் பரிசோதனை தேவைப்படும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இவை ஓர் ஆலையின் உற்பத்தியில் ஒரு பகுதி மட்டுமே. இவற்றைக் காட்டி எல்லா பீருக்கும் விலக்குக் கேட்பது முறையாகாது.

பரிமாறும் அளவையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1.100-ல் தொடங்கி 1.025-ல் முடியும் ஒரு கனத்த இம்பீரியல் ஸ்டவுட்டில், 355 மில்லிலிட்டருக்குச் சுமார் 334 கலோரி இருக்கும். ஆனால் பத்து சதவீத ஆல்கஹால் உள்ள அந்தப் பீரை யாரும் முழு பைன்ட் கிளாசில் ஊற்றித் தருவதில்லை. 8 அவுன்ஸ் கிளாசில்தான் தருவார்கள், அதில் சுமார் 223 கலோரி. மெனுவில் எழுத வேண்டியது கையில் கொடுக்கும் கிளாசின் எண்ணைத்தான். ஆகவே ஆலை தரும் எண் ஒரு அவுன்ஸுக்கு என்று இருந்தால் உணவகத்துக்கு வசதி.

லேபிளைப் பற்றிய கதை இன்னும் நீளமானது. மதுவிலக்கு முடிந்த பிறகு 1935-ல் வந்த கூட்டாட்சி ஆல்கஹால் நிர்வாகச் சட்டம், பீர் லேபிளில் ஆல்கஹால் அளவை எழுதுவதையே தடை செய்தது. எண்ணை எழுத விட்டால், யாருடைய பீர் அதிக வீரியமுள்ளது என்று ஆலைகள் போட்டி போடும் என்பது அன்றைய அச்சம். 1987-ல் கூர்ஸ் நிறுவனம் அந்த எண்ணை எழுத அனுமதி கேட்டு மறுக்கப்பட, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1995-ல் ஒன்பது நீதிபதிகளும் அந்தத் தடை பேச்சுரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார்கள். ஒரு பீரைப் பற்றிய உண்மையான எண்ணைச் சொல்வதைத் தடுக்க அறுபது ஆண்டு இருந்த ஒரு சட்டம், உண்மையை அறிந்தால் மக்கள் தவறான முடிவெடுப்பார்கள் என்ற அவநம்பிக்கையின்மேல் எழுப்பப்பட்டிருந்தது. கலோரி எண் வேண்டாம் என்று இன்று வாதிடுபவர்களிடமும் அந்த அவநம்பிக்கையின் சாயலை நான் காண்கிறேன்.

மதுபான லேபிள்களை இப்போது மேற்பார்வையிடுவது நிதித்துறையின் கீழுள்ள டி.டி.பி. என்ற ஆல்கஹால், புகையிலை வரி மற்றும் வணிக நிர்வாகம். 2003-ல் நுகர்வோர் அமைப்புகள், மதுபான லேபிளில் ஆல்கஹால் அளவும் கலோரியும் கட்டாயமாக வேண்டும் என்று இதனிடம் மனு கொடுத்தன. 2007-ல் டி.டி.பி. ஒரு வரைவு விதியை வெளியிட்டது. அது இறுதியாகவே இல்லை. 2013-ல், விரும்புபவர்கள் எழுதிக்கொள்ளலாம் என்று மட்டும் அனுமதித்தது. 2016-ல் பெரிய ஆலைகளின் அமைப்பான பீர் இன்ஸ்டிட்யூட், கலோரி உள்ளிட்ட விவரங்களைத் தாமாகவே வெளியிடும் திட்டத்தை அறிவிக்க, அன்ஹைசர்-புஷ், மில்லர்கூர்ஸ், ஹைனெக்கன் போன்றவை அதில் சேர்ந்தன. 2022-ல் நுகர்வோர் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. 2025 ஜனவரி 17 அன்று ‘ஆல்கஹால் விவரங்கள்’ என்ற கட்டத்தை ஒவ்வொரு லேபிளிலும் கட்டாயமாக்கும் முன்மொழிவு வெளியானது: ஒரு முறை பரிமாறும் அளவு, அதிலுள்ள ஆல்கஹால், கலோரி, மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் ஆகியவை அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும். இதற்குக் கருத்துச் சொல்லும் காலம் 2025 ஆகஸ்ட் 15 வரை நீட்டிக்கப்பட்டது. விதி இறுதியானால் அதற்குப் பழகிக்கொள்ள ஐந்து ஆண்டுகள் தருவதாகவும் முன்மொழிவு சொல்கிறது.

இதற்கிடையில் ஒரு விந்தையான நிலை நீடித்து வருகிறது. 1935 சட்டத்தின் கண்ணில் பீர் என்பது மால்ட் செய்த பார்லியும் ஹாப்ஸும் சேர்ந்தது. அவை இல்லாமல், சோளத்தில் காய்ச்சிய குளூட்டன் இல்லாத பீரும், வெறும் சர்க்கரையை நொதிக்கவைத்த ஹார்ட் செல்ட்சரும் டி.டி.பி.யின் லேபிள் விதிகளுக்குள் வராமல் எஃப்.டி.ஏ.யின் உணவு லேபிள் விதிகளுக்குள் வந்துவிடுகின்றன. ஆகவே அவற்றில் ஊட்டச்சத்து அட்டவணை கட்டாயம். ஒரே ஆலையில், பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் இருக்கும் இரண்டு பானங்களில் ஒன்றுக்கு அட்டவணை வேண்டும், மற்றதற்கு வேண்டாம். இதை எந்தச் சுகாதாரக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் எஃப்.டி.ஏ.யின் அந்த விதிகளில் சிறு தொழிலுக்கான விலக்கு ஒன்று இருக்கிறது: நூற்றுக்கும் குறைவான பணியாளர்கள், ஒரு பொருளில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவான எண்ணிக்கை என்றால் அட்டவணையிலிருந்து விலக்குப் பெறலாம். இந்த ஏற்பாட்டை டி.டி.பி. கவனிக்க வேண்டும்.

செலவு எங்கே விழுகிறது என்பதைக் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம். ஆண்டுக்கு 1,000 பேரல் காய்ச்சும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஒரு பேரல் என்பது 31 கேலன், சுமார் 117 லிட்டர். இத்தகைய ஆலைகள் ஆண்டு முழுதும் ஒரே பீரைக் காய்ச்சிப் பிழைப்பதில்லை. புதிய புதிய வகைகளைத் தருவதுதான் அவற்றின் உயிர். அது ஆண்டுக்கு 60 வகை பீர் காய்ச்சுவதாகவும், ஒரு வகைக்கு ஆய்வகச் செலவு 150 டாலர் என்றும் வைத்துக்கொண்டால், 9,000 டாலர் ஆகிறது. அந்த ஆலை கூட்டாட்சி அரசுக்குக் கட்டும் கலால் வரி, முதல் 60,000 பேரலுக்கான சலுகை விகிதமான பேரலுக்கு 3.50 டாலர் கணக்கில், ஆண்டுக்கு 3,500 டாலர்தான். வரியைப் போல இரண்டரை மடங்கு பணம் ஒரு எண்ணை உறுதிசெய்யப் போய்விடும். கோடிக்கணக்கான கேன்களில் ஒரே பீரை விற்கும் நிறுவனத்துக்கு அதே பரிசோதனையின் செலவு ஒரு கேனுக்கு ஒரு சென்ட்டில் துளிகூட ஆகாது. வரிச் சட்டம் சிறியவர், பெரியவர் என்ற வேறுபாட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறது, பேரலுக்கு 3.50 டாலர் என்ற அந்த விகிதம் 2020 டிசம்பரில் நிரந்தரமாக்கப்பட்டது. அந்த அறிவு லேபிள் சட்டத்துக்கும் வர வேண்டும்.

அச்சுச் செலவில் எதிர்பாராத ஒன்று இருக்கிறது. ஏழு பேரல் தொட்டி ஒன்றிலிருந்து 16 அவுன்ஸ் கேன்கள் சுமார் 1,700 கிடைக்கும். கேன் உற்பத்தியில் மிகப் பெரிய நிறுவனமான பால் கார்ப்பரேஷன் (Ball), 2022-ல் அச்சிட்ட கேன்களுக்கான குறைந்தபட்ச ஆர்டரை ஒரு லாரியிலிருந்து ஐந்து லாரியாக, அதாவது ஒரு வடிவமைப்புக்குச் சுமார் பத்து லட்சம் கேன்களாக உயர்த்தியது. ஆகவே மிகச் சிறிய ஆலைகள் வெறும் கேன் வாங்கி, அந்தந்தக் காய்ச்சலுக்கென்று அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டுகின்றன. அவர்களுக்கு ஸ்டிக்கரில் ஒரு வரி சேர்ப்பது பெரிய செலவே அல்ல. உண்மையில் அடி வாங்கப்போவது நடுத்தர ஆலைகள்: முக்கியமான நான்கைந்து பீர்களுக்கு அச்சிட்ட கேன்களைக் கிடங்கில் அடுக்கி வைத்திருப்பவர்கள். ஐந்து ஆண்டு அவகாசம் இவர்களுக்காகவே தேவைப்படுகிறது. அதைக் குறைக்கக் கோரும் குரல்கள் எழுந்தால் அவற்றுக்கு டி.டி.பி. இணங்கக் கூடாது. அரசின் சுகாதார எச்சரிக்கை 1989 முதல் எல்லா மதுபான லேபிளிலும் இருக்கிறது. அதனால் எந்த ஆலையும் மூடியதில்லை, ஏனென்றால் அது எல்லாருக்கும் ஒரே வாசகம். பீருக்குப் பீர் மாறும் எண் அப்படிப்பட்டதல்ல.

இறுதி விதியில் நான் காண விரும்புவது இதுதான். தொடக்க, இறுதி கிராவிட்டிகளிலிருந்து கணக்கிட்ட எண் செல்லும் என்பது விதியின் வாசகத்திலேயே தெளிவாக இடம்பெற வேண்டும். ஆலையின் காய்ச்சல் குறிப்பேடே அதற்குப் போதுமான ஆதாரம் என்றும் சொல்லப்பட வேண்டும். அப்படி எழுதப்பட்டுவிட்டால் சங்கிலி உணவகத்தின் வழக்கறிஞருக்கும் அச்சம் நீங்கும். உண்மையான கலோரி லேபிளில் உள்ளதைவிட 20 சதவீதம் வரை கூடினால் பொறுத்துக்கொள்வதாக டி.டி.பி. 2020-ல் அறிவித்த வரம்பு நியாயமானது, அது நீடிக்கட்டும். ஒரே ஒரு முறை காய்ச்சி, ஆலையின் சொந்த வாசலிலேயே விற்றுத் தீரும் கேன்களுக்கு எஃப்.டி.ஏ. தருவது போன்ற ஒரு சிறு தொழில் விலக்கு வேண்டும். பழமும் பீப்பாயும் சேர்ந்த பீர்களுக்கு அந்த வகையின் எண் வீச்சை எழுத அனுமதிக்கலாம். இவற்றில் எதுவும் குடிப்பவரிடமிருந்து உண்மையை மறைப்பதாகாது.

எண் வந்தால் பீர் எப்படி மாறும் என்பதைப் பற்றியும் யோசிக்கிறேன். ஏற்கெனவே மாறத் தொடங்கிவிட்டது. 2019-ல் டெலவேரின் டாக்ஃபிஷ் ஹெட் ஆலை 95 கலோரியில் ‘ஸ்லைட்லி மைட்டி’ என்ற ஐ.பி.ஏ.யை (ஹாப்ஸ் தூக்கலான ஏல் வகை) கொண்டுவந்தது, எங்கள் மிஷிகனின் பெல்ஸ் 110 கலோரியில் ‘லைட் ஹார்ட்டட்’ ஏலைத் தந்தது. கலோரி எண் எல்லாரையும் இந்தத் திசையிலேயே துரத்தி, கனத்த ஸ்டவுட்டுகளும் டாப்பெல்பாக் என்ற ஜெர்மன் பீர்களும் அழிந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். எனக்கு அந்த அச்சம் இல்லை. குளிர்காலத்தில் ஒரு சின்னக் கிளாஸ் இம்பீரியல் ஸ்டவுட் கேட்பவர் அது லேசானது என்று நினைத்துக் கேட்பதில்லை. மாறாக, எண்கள் சில தவறான எண்ணங்களைத் திருத்தும். கின்னஸ் கறுப்பாக இருப்பதால் அது கனமான பீர் என்று பலர் நம்புகிறார்கள், 4.2 சதவீத ஆல்கஹால் கொண்ட அந்தப் பீரில் 12 அவுன்ஸுக்கு 125 கலோரிதான், பொன்னிறமான பட்வைசரின் 145-ஐவிடக் குறைவு. நிறத்தைப் பார்த்து ஒதுக்கப்படும் பல சிறு ஆலை ஸ்டவுட்டுகளுக்கும் போர்ட்டர்களுக்கும் இந்த எண் நன்மையே செய்யும்.

ஆயிரக்கணக்கான சிறு ஆலைகள் இருக்கும் நாட்டில், 2024-ல் புதிதாகத் திறந்தவற்றைவிட மூடியவை அதிகம். அதற்குக் காரணம் கலோரி விதி அல்ல; மூலப்பொருள் விலை, வாடகை, குறைந்துவரும் குடிப்பழக்கம் எனப் பல இருக்கின்றன. ஆனால் இப்படி மூச்சு வாங்கும் நேரத்தில், ஒரு குறிப்பேட்டுக் கணக்கில் முடிய வேண்டியதை ஆய்வகப் பில்லாக மாற்றிவிடக் கூடாது என்பதே என் கவலை.

கலோரி முன்மொழிவோடு அதே நாளில் டி.டி.பி. இன்னொரு முன்மொழிவையும் வெளியிட்டது: பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, எள் முதலிய ஒவ்வாமைப் பொருட்கள் பீரில் சேர்ந்திருந்தால் அதை லேபிளில் கட்டாயமாகச் சொல்ல வேண்டும் என்பது. இதில் நான் எந்த விலக்கும் கேட்கமாட்டேன். மில்க் ஸ்டவுட்டிலும் மில்க்‌ஷேக் ஐ.பி.ஏ.யிலும் சேர்க்கும் லாக்டோஸ் பாலிலிருந்து வருவது; ஸ்டவுட்டில் வேர்க்கடலை வெண்ணெய் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். கலோரி எண்ணில் பத்து கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் உடனடி ஆபத்து இல்லை. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு மிடறே போதும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகமும் தேவையில்லை, சூத்திரமும் தேவையில்லை. தொட்டியில் என்ன போட்டோம் என்பது காய்ச்சியவருக்குத் தெரியும். ஏழு பேரல் ஆலையானாலும் எழுபது லட்சம் பேரல் ஆலையானாலும், அதை முதல் கேனிலிருந்தே எழுத வேண்டும்.